புதுச்சேரியில் முன்பள்ளிக் கல்விச் சலுகைக்கான தகுதி

புதுச்சேரியில் முன்பள்ளிக் கல்விச் சலுகைக்கான தகுதி என்பது, புதுச்சேரி நகரில் வாழும் குடும்பம் ஒன்று தனது 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தையைக் கட்டணமின்றியோ, அரசு உதவியுடனோ முன்பள்ளியில் சேர்ப்பதற்கான நிபந்தனைகளைக் குறிக்கும். விதிகளின்படி இதற்கு மூன்று வழிகள் உள்ளன. அவை அங்கன்வாடி, கல்வி உரிமைச் சட்டத்தின் கீழான இட ஒதுக்கீடு, பிரெஞ்சு அரசின் கல்வி உதவித்தொகை என்பனவாகும். இம்மூன்றும் தகுதியை வெவ்வேறு அளவுகோல்களால் கணிக்கின்றன. முதலாவது வருமானத்தைக் கேட்பதில்லை. இரண்டாவது வருமானத்தையோ சமூகப் பிரிவையோ பார்க்கிறது. மூன்றாவது குழந்தையின் குடியுரிமையையும் குடும்பத்தின் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கிறது.

பின்னணி

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறை அளவில் இந்தியாவின் நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கு பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இதன்படி இந்தியக் குடிமக்களாயினர். எனினும், ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொண்டனர். இவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் இன்றும் இந்நகரில் வாழ்கின்றனர். ஒரே தெருவில் வாழும் இரு குழந்தைகளுக்கு இருவேறு நாட்டு அரசுகளின் முன்பள்ளி உதவி கிடைப்பதற்கு இதுவே காரணமாகும்.

அங்கன்வாடி

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. பேச்சு வழக்கில் பால்வாடி என்றும் அழைக்கப்படும் அங்கன்வாடிகள் இத்திட்டத்தின் கீழ் இயங்குகின்றன. புதுச்சேரியில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை இவற்றை நடத்துகிறது. 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஊட்டச்சத்து உணவும், 3 வயது நிறைந்தவர்களுக்கு முன்பள்ளிக் கல்வியும் இங்கு கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. 3 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்று 2013 ஆம் ஆண்டின் சட்டத்தில் முதலில் வகுக்கப்பட்டிருந்தது.

புதுச்சேரியில் வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பங்களுக்குச் சிவப்பு நிறக் குடும்ப அட்டையும், மற்றவர்களுக்கு மஞ்சள் நிற அட்டையும் வழங்கப்படுகின்றன. அரிசி முதலிய பல சலுகைகளில் அட்டையின் நிறம் முக்கியமாதலால், அங்கன்வாடிக்கும் சிவப்பு அட்டை வேண்டும் என்று கருதப்படுவதுண்டு. இது தவறாகும். மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001 இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், வறுமைக் கோடு இத்திட்டத்திற்கான தகுதியாகக் கொள்ளப்படலாகாது என 2004 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 6 வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி மூலம் கிடைக்கும் இலவச உணவைச் சட்டப்படியான உரிமையாக்கியது. எனவே மஞ்சள் அட்டை வைத்திருப்பவர், வாடகை வீட்டில் வாழ்பவர், வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர் ஆகியோரின் குழந்தைகளும் இதற்கு உரியவர்களே. வருமானச் சான்றிதழ் தேவையில்லை.

சேர்க்கையின்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழும், தாய் அல்லது குழந்தையின் ஆதார் எண்ணும் கேட்கப்படுவது வழக்கம். ஆதார் எண்ணைக் காட்ட இயலாத காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயன் மறுக்கப்படலாகாது என்று 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

அருகில் அங்கன்வாடி இல்லாத குடியிருப்புகளுக்கு 2006 டிசம்பர் 13 தீர்ப்பு வழி வகுத்தது. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது உள்ள சிற்றூர் அல்லது குடிசைப் பகுதியினர் அங்கன்வாடி கோரலாம். கோரிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அது அமைக்கப்பட வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம்

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அண்மையில் வசிக்கும் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. மழலையர் வகுப்பு நடத்தும் பள்ளிகளில் இது அவ்வகுப்பிலிருந்தே பொருந்தும். நலிந்த பிரிவு என்பது வருமான வரம்பைக் கொண்டு அரசின் அறிவிக்கையால் வரையறுக்கப்படுவதாகும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் என்போர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலியோர் ஆவர். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வருமான வரம்பை அந்தந்த அரசே வகுப்பதால் முகவரி முக்கியமாகிறது. புதுச்சேரிப் பகுதி தமிழ்நாட்டின் ஊர்களுடன் பின்னிக் கிடப்பது. எல்லையைத் தாண்டி விழுப்புரம் அல்லது கடலூர் மாவட்டத்தில் வசிக்கும் குடும்பத்திற்குத் தமிழ்நாட்டின் விதிகளே பொருந்தும். அங்கு நலிந்த பிரிவினருக்கான ஆண்டு வருமான வரம்பு 2 இலட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டது.

பிரெஞ்சுக் கல்வி உதவித்தொகை

1826 இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு லிசே, வீக்தோர் சிமோனல் வீதியில் உள்ளது. மாத்தர்னெல் எனப்படும் இதன் முன்பள்ளி மூன்று வகுப்புகளைக் கொண்டது. இது கட்டணம் பெறும் பள்ளியாகும். பிரெஞ்சுக் குடிமக்களின் குழந்தைகளுக்கு, 1990 இல் நிறுவப்பட்ட வெளிநாட்டுப் பிரெஞ்சுக் கல்வி முகமை உதவித்தொகை அளிக்கிறது. இதன் முதன்மை நிபந்தனைகள்:

1. குழந்தை பிரெஞ்சுக் குடியுரிமை உடையதாக இருத்தல் வேண்டும். உறவினர் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருப்பது மட்டும் போதாது.
2. வெளிநாடு வாழ் பிரெஞ்சுக் குடிமக்கள் பதிவேட்டில் பதிந்திருத்தல் வேண்டும்.
3. பள்ளி தொடங்கும் நாட்காட்டி ஆண்டில் குழந்தைக்கு 3 வயது நிறைய வேண்டும்.
4. பெற்றோரில் ஒருவருடனாவது அந்நாட்டில் வசித்தல் வேண்டும்.

விண்ணப்பம் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் ஆண்டுதோறும் புதிதாக அளிக்கப்படுகிறது. குடும்பத்தின் வருமானத்திலிருந்து கட்டாயச் செலவுகளும் பள்ளிக் கட்டணமும் கழிக்கப்பட்டு, எஞ்சியது குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுக்கப்படுகிறது. அத்தொகை உள்ளூர் வாழ்க்கைச் செலவுடன் ஒப்பிடப்பட்டு, கட்டணத்தில் எத்தனை விழுக்காடு வழங்கலாம் எனக் கணிக்கப்படுகிறது. இதனால் ஒரே வருமானம் உடைய இரு குடும்பங்களில், பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பத்திற்குக் கூடுதல் உதவி கிடைக்கலாம். வீடு, நிலம், சேமிப்பு ஆகியவற்றின் மதிப்பு குறிப்பிட்ட வரம்பை மீறினால், வருமானம் குறைவாயினும் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும்.

தகுதியை அறியும் வரிசை

* குழந்தை 6 வயதிற்குட்பட்டதாயின், அங்கன்வாடிக்குத் தகுதி உண்டு. வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.
* தனியார் பள்ளியை விரும்பினால், வீடு எந்த அரசின் எல்லைக்குள் உள்ளது, அவ்வரசு வகுத்த வரம்பு என்ன, பள்ளி சிறுபான்மையினருடையதா என்பவற்றைப் பார்க்க வேண்டும்.
* குழந்தை பிரெஞ்சுக் குடியுரிமை உடையதாயின், துணைத் தூதரகத்தில் வினவ வேண்டும்.

அங்கன்வாடியில் உணவு மறுக்கப்பட்டால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் குறை தீர்க்கும் அலுவலரிடம் முறையிடலாம். குழந்தை தகுதியுடையதன்று என்று வாய்மொழியாகக் கூறப்பட்டதை இறுதி முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை.