உஷார்! கால் தப்பினால் குத்து உங்களுக்கே!

கிளவுஸ் வாங்கியாச்சு, மொட்டைமாடியில் பஞ்சிங் பேக் தொங்கவிட்டாச்சு, ரீல்ஸில் பத்து வீடியோ பார்த்தாச்சு. இனி ஓங்கிக் குத்த வேண்டியதுதான் பாக்கி என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கையை ஓங்கும் முன் குனிந்து உங்கள் பாதங்களைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன? பின்னங்காலின் குதிகால் தரையில் ஒட்டிக் கிடக்கிறதா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் முழு பலத்தோடு குத்தினால் அடிபடுவது பேக் அல்ல. உங்கள் மணிக்கட்டும் முட்டியும்தான்.

வடசென்னையின் குத்துச்சண்டையை 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வீட்டு வரவேற்பறைக்கே கொண்டுவந்து சேர்த்தது. இன்று சாதாரண ஜிம்மில்கூட பாக்ஸிங், கிக்பாக்ஸிங் வகுப்புகள் நடக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பல இடங்களில் முதல் நாளே கையில் கிளவுஸை மாட்டி பேக் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். சிலம்பமோ குத்துவரிசையோ முறையாகக் கற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் பாடம் காலடிதான் என்பார்கள். அந்த முதல் பாடத்தைத் தாண்டிக் குதித்து வருகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

குத்து கிளம்புவது தரையிலிருந்து

ஓங்கிக் குத்தக் கை பலம் போதும் என்பதுதான் முதல் ஏமாற்றம். சோவியத் ஆய்வாளர்கள் குத்துச்சண்டை வீரர்களின் வலக்கைக் குத்தைப் பிரித்து அளந்து 1985-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். தேர்ந்த வீரர்களின் குத்தில் காலின் பங்கு சுமார் 38 சதவீதம், உடலைத் திருப்புவதன் பங்கு 37 சதவீதம், கையின் பங்கு வெறும் 24 சதவீதம். கீழ்நிலை வீரர்களிடம் கணக்கு தலைகீழ்: கை 38 சதவீதம், கால் சுமார் 17 சதவீதம்தான். அதாவது பழகாதவர் கையால் குத்துகிறார், பழகியவர் காலால் குத்துகிறார்.

பின்னங்கால் தரையை உதைக்கிறது. அந்த விசை இடுப்புக்கு ஏறி, முதுகு வழியாகத் தோளுக்குப் போய், கடைசியில் முஷ்டியில் வெடிக்கிறது. கால் சரியாக ஊன்றாமல் குத்துவது, பரிசலில் நின்றுகொண்டு கரையில் இருப்பவரைத் தள்ளுவதைப் போல. அவர் அசைய மாட்டார், நீங்கள்தான் பின்னால் போவீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2000-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், முதல்தர வீரர்களின் பின்கைக் குத்து சராசரியாக 4,800 நியூட்டன் காட்டியது. புதிதாகப் பழகுபவர்களின் குத்து சுமார் 2,400 நியூட்டன். பாதிதானே என்று அலட்சியம் வேண்டாம். ஒரு கணம் 240 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் அது. பேக் மீது எவ்வளவு விசை போகிறதோ, அவ்வளவும் உங்கள் முஷ்டி மீதும் திரும்பி வரும். தேர்ந்த வீரரின் உடல் அதைக் கால் வரை கடத்தித் தரையில் இறக்கிவிடும். கால் தப்பாக நிற்கும் உடலில் அது மணிக்கட்டிலும், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை எலும்பிலும், முழங்கையிலும், முட்டியிலும் சிக்கிக்கொள்ளும்.

இந்த ஐந்தும் ஆபத்து

1. குதிகாலை ஊன்றிக்கொண்டு இடுப்பைத் திருப்புவது. ஐந்திலும் மோசமானது இதுதான். வலக்கையை வீசும்போது இடுப்பு வேகமாகத் திரும்புகிறது. அதோடு பின்பாதமும் முன்பகுதியில் சுழன்று, குதிகால் வெளிப்பக்கம் விலக வேண்டும். குதிகால் தரையில் ஒட்டியே நின்றால் மேலே தொடை திரும்புகிறது, கீழே பாதம் அசையவில்லை. நடுவில் மாட்டுவது முட்டி. முட்டி மடங்கி நீள்வதற்கென்று அமைந்த மூட்டு, இந்த முறுக்கலை அது தாங்காது. ஜவ்வு கிழிவது இப்படித்தான். இடக்கையைப் பக்கவாட்டில் வளைத்து ஹூக் வீசும்போது முன்னங்காலுக்கும் இதே கதி வரலாம்.

2. இரு பாதங்களும் ஒரே கோட்டில். முன்பாதத்துக்கு நேர் பின்னால் பின்பாதத்தை வைத்தால் பக்கவாட்டுப் பிடிமானம் போய்விடும். லேசாகத் தட்டினாலே சாய்வீர்கள். சாயும்போது கணுக்கால் உள்பக்கம் மடங்கிச் சுளுக்கும்.

3. மார்பைக் காட்டி நேராக நிற்பது. இரு பாதங்களும் பக்கம் பக்கமாக நின்றால் உடல் முழுவதும் எதிராளிக்குத் திறந்த இலக்கு. ஒரு நேர்க்குத்து வந்தால் பின்னால் முட்டுக்கொடுக்கக் கால் இல்லை, அப்படியே மல்லாந்து விழ வேண்டியதுதான்.

4. எட்டிக் குத்துவது. தூரத்தில் நின்றபடி உடலை மட்டும் முன்னே நீட்டிக் குத்தினால் முன்முட்டி பாதத்தைத் தாண்டிப் போகும், முழங்கை கடைசிவரை விறைத்து அடிபடும், முகம் எதிராளியின் கைக்கு எட்டும் இடத்துக்கே போய்விடும். மால்களிலும் பொருட்காட்சியிலும் இருக்கும் பஞ்ச் மெஷினை நோக்கி ஓடிவந்து குத்துகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கையைச் சுற்றிக் கட்டும் ராப் இல்லை, காலில் பிடிமானம் இல்லை, மொத்த உடல் எடையும் வளைந்த மணிக்கட்டின் மேல். ஸ்கோருக்காக எலும்பை அடகு வைக்காதீர்கள்.

5. கால்களைப் பின்னிக்கொள்வது. நகரும்போது ஒரு காலைத் தாண்டி இன்னொரு காலை வைத்தால் அந்த அரை நொடி நீங்கள் ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள். அப்போது வரும் குத்து சிறியதாக இருந்தாலும் விழுவீர்கள். விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு, ஊன்றாவிட்டால் பின்மண்டை.

பெரிய வீரர்களும் தப்பவில்லை

2012 டிசம்பர் 8, லாஸ் வேகாஸ். ஆறாவது சுற்று முடியக் கடைசி நொடி. குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் முன்னே பாய்ந்து அடியெடுத்து வைத்தார். எதிரே ஹுவான் மானுவல் மார்க்கெஸ் அதற்காகவே காத்திருந்ததுபோல வலக்கையை இறக்கினார். மார்க்கெஸின் குத்து பாதி, பாக்கியாவின் சொந்த வேகம் மீதி. முகம் கீழே பட விழுந்தவர் சில நிமிடங்கள் எழவில்லை. பாய்ந்து போகிறவர் தன் எடையையும் எதிராளியின் குத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார் என்பதை அன்று உலகமே பார்த்தது.

ஒரு விளையாட்டின் நிற்கும் முறை இன்னொரு விளையாட்டில் காலை வாரிவிடும் என்பதற்கு எம்.எம்.ஏ. வீரர் கானர் மெக்ரிகர் சாட்சி. குத்துச்சண்டையில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. அதனால் முன்னங்காலில் எடையைப் போட்டு நிற்பதில் பெரிய ஆபத்து இல்லை. உதையும் சேர்ந்த கலப்புச் சண்டையான எம்.எம்.ஏ.வில் அந்தக் கால் திறந்த இலக்கு. 2021 ஜனவரியில் அபுதாபியில் மெக்ரிகர் அப்படி நின்றார். டஸ்டின் போரியே அவருடைய கெண்டைக்காலைக் குறிவைத்து உதைத்துக்கொண்டே இருந்தார். கால் ஓய்ந்ததும் இரண்டாவது சுற்றில் குத்துகளால் முடித்துவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் இருவரும் மீண்டும் மோதியபோது, முதல் சுற்றின் கடைசியில் மெக்ரிகர் ஒரு குத்தை வீசிவிட்டுப் பின்னே காலை ஊன்ற, கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்தது. பாக்ஸிங் பழகிவிட்டு முவே தாய், கிக்பாக்ஸிங் பக்கம் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

“ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் டியான்டே வைல்டர் தாறுமாறாகக் காலை வைத்துத்தானே எல்லோரையும் வீழ்த்தினார்?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். டைசன் ஃப்யூரியுடனான இரண்டாவது மோதலுக்கு முன் அவர் வென்ற 42 போட்டிகளில் 41 நாக்அவுட். ஆனால் அந்த வலக்கை அவருக்கு மட்டுமே வாய்த்தது. அவருக்கே 2020-லும் 2021-லும் ஃப்யூரி முன்னால் அது போதவில்லை. விதிவிலக்கைப் பார்த்து விதியை எழுதாதீர்கள்.

தரையும் ஷூவும் எதிரிதான்

குதிகால் தடித்த ரன்னிங் ஷூ நேராக ஓடுவதற்குச் செய்தது. அடிப்பாகத்தின் ரப்பர் தரையைக் கவ்விக்கொள்ளும், பாதம் சுழலாது. உயரமான சோல் கணுக்காலையும் ஆட்டும். பாக்ஸிங் ஷூ தட்டையாக, மெல்லிய சோலுடன் இருப்பது அதனால்தான். சிமென்ட் மொட்டைமாடி பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், வியர்வை சொட்டிய டைல்ஸ் வழுக்கிவிடும். இரண்டுமே ஆபத்து. பயிற்சிக்கு முன் வெறுங்கையோடு பாதத்தைச் சுழற்றிப் பாருங்கள். சிரமமில்லாமல் சுழலாத இடத்தில் பலமாகக் குத்த வேண்டாம்.

இப்படி நில்லுங்கள்

பாதங்களுக்கு நடுவே தோள் அகலம் இடைவெளி. வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே சற்றே வலப்பக்கம் தள்ளி. முன்பாதம் கொஞ்சம் உள்நோக்கித் திரும்பியிருக்கட்டும். பின்குதிகால் லேசாக உயரட்டும். முட்டிகள் விறைக்காமல் சற்றே மடங்கியிருக்கட்டும். எடை இரு கால்களிலும் பரவியிருக்கட்டும்.

முன்னே போக முன்கால் முதலில், பின்னே வர பின்கால் முதலில். இடப்பக்கம் நகர இடக்கால், வலப்பக்கம் நகர வலக்கால். அடுத்த கால் தொடர்ந்து வந்ததும் பழைய இடைவெளியே மிஞ்ச வேண்டும். தரையில் டேப் ஒட்டிப் பழகலாம். போனைப் பக்கவாட்டில் வைத்துக் கால்களை மட்டும் படம் பிடித்துப் பாருங்கள். குத்தே இல்லாமல் மூன்று நிமிடச் சுற்று முழுவதும் நகர்ந்து காட்ட முடிந்தால் கையைச் சேருங்கள். முதலில் மெதுவாக, பிறகு பாதி பலத்தில். முழு பலம் கடைசியில்தான்.

இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள்

* முட்டியில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். முட்டியை முழுதாக நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலும் அப்படித்தான்.
* கணுக்கால் மடங்கிய பின் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? எக்ஸ்ரே கட்டாயம்.
* கைக் கட்டைவிரல் அடியில் உள்ள குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அங்குள்ள சிறிய எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் மறுபடி காட்டுங்கள்.
* தலையில் அடிபட்டபின் தலைவலி, வாந்தி, குழப்பம், மங்கலான பார்வை இருந்தால் உடனே மருத்துவமனை. அன்று மறுபடி ஸ்பாரிங் (எதிராளியுடன் மோதிப் பழகுவது) கூடவே கூடாது.

எண்ணெய் தேய்த்து நீவுவது, சுளுக்கு எடுக்கிறேன் என்று இழுப்பது, எக்ஸ்ரே பார்க்காமல் கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். ஓய்வு, ஐஸ், எலாஸ்டிக் பேண்டேஜ், அடிபட்ட இடத்தை உயர்த்தி வைப்பது. அதன்பின் எலும்பு டாக்டர்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் பிள்ளைகளின் கையை மட்டும் பார்க்கிறாரா, காலையும் திருத்துகிறாரா? புதிதாக வந்தவர்களை முதல் வாரமே ஸ்பாரிங்கில் இறக்குகிறாரா? ‘இன்னும் ஓங்கி, இன்னும் ஓங்கி’ என்று கத்துவதுதான் பயிற்சி என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும். கிழிந்த முட்டி ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்தால் மறுபடி களத்தில் இறங்க ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகும். காலைத் திருத்தத் தெரியாதவரிடம் குத்தக் கற்காதீர்கள்.