வேர் அல்ல, உடும்பு

இணையச் சந்தையில் ‘ஹத்தா ஜோடி’ என்றொரு பொருள் விற்கப்பட்டு வந்தது. கூப்பிய இரு கைகளைப் போலக் காய்ந்து கறுத்திருக்கும். வீட்டில் வைத்தால் செல்வம் சேர்க்கும் அரிய வேர் என்றார்கள் விற்றவர்கள். 2017-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வனவிலங்கு அமைப்புகளும் அதை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது: அது ஆண் உடும்பின் இனப்பெருக்க உறுப்பு. பூஜைப் பொருள் என்று நம்பி வாங்கியவர்களுக்கு இதைவிடப் பெரிய மோசடி வேறில்லை.

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. அதன் உறுப்பை விற்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இணையவழிக் கடத்தலைக் கண்காணிக்க, மத்திய வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவு ‘ஆபரேஷன் வைல்ட்நெட்’ என்ற நடவடிக்கையை மேற்கொண்டது. ஆனால், ஒரு விளம்பரத்தை நீக்கினால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது. பேரம் வாட்ஸ்அப்புக்கு மாறிவிடுகிறது. வாங்குபவர் இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது.

இத்தகைய விளம்பரம் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள், பிறருக்குப் பகிராதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.