பிசைந்தால் கோலா, பிசையாவிட்டால் பர்கர்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்றொரு ஊர். வால்டர் ஆண்டர்சன் என்ற சமையற்காரர் 1916-இல் அங்கே ஒரு பழைய டிராம் வண்டியைக் கடையாக மாற்றி, 5 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் விற்க ஆரம்பித்தார். உருண்டையாகக் கல்லில் போட்ட கறி வேகவே மாட்டேன் என்று அடம்பிடிக்க, பொறுமை இழந்த ஆண்டர்சன் கையிலிருந்த திருப்பியால் அதை ஓங்கி அழுத்தினாராம். சப்பையான கறி மளமளவென்று வெந்துவிட்டது. இது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. கொஞ்சம் ஜோடனை இருக்கலாம். ஆனால் அந்த அழுத்தலுக்குள் இருக்கும் சமையல் நுட்பம் நூற்றுக்கு நூறு உண்மை.

அதே ஆண்டர்சன் 1921-இல் பில்லி இங்க்ராமோடு சேர்ந்து 'ஒயிட் காஸில்' கடையைத் திறந்தார். பெயரிலும் வெள்ளை, சுவரிலும் வெள்ளை. சுத்தத்தைக் காட்டத்தான் அந்த வெள்ளை. அதற்குக் காரணம் இருந்தது. சிகாகோவின் இறைச்சித் தொழிற்கூடங்கள் எவ்வளவு அசுத்தமானவை என்பதை அப்டன் சிங்க்ளேர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் 1906-இல் போட்டு உடைத்திருந்தது. கொத்திய கறி என்றாலே ஜனங்கள் முகம் சுளித்த காலம். இன்றைக்கும் பர்கரை வீட்டிலேயே செய்துவிடுவோம் என்று கிளம்புகிறவர்கள் மனதில் அதே சந்தேகம்தான்: உள்ளே இருப்பது என்ன கறியோ, எப்போது அரைத்ததோ?

பன்னுக்கு நடுவே வைக்கும் அந்தக் கறிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதுவது ஒரு தொல்லை. 'பாட்டி' என்றால் அப்பத்தா வந்து நிற்பார்; 'பேட்டி' என்றால் நிருபர் வந்துவிடுவார். நிருபர்கள் மன்னிக்க, பேட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

அசல் பேட்டியில் இருப்பவை கறி, கொழுப்பு, உப்பு, மிளகு. அவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுது கிடையாது, முட்டை கிடையாது. நூறு பங்கில் எண்பது கறி, இருபது கொழுப்பு என்பது அமெரிக்கச் சமையலறைகளில் வழங்கும் கணக்கு. அங்கே மாட்டிறைச்சி, நம் வீடுகளில் பெரும்பாலும் ஆடு அல்லது கோழி. வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு என்பதால், அப்படியே கொத்திச் சுட்டால் பேட்டி செருப்புத் தோலாகிவிடும். 'கொழுப்பே வேண்டாம்ணே' என்று கறிக்கடையில் சொல்லிப் பழகிய வாய், இந்த ஒருநாள் மாற்றிச் சொல்ல வேண்டும்: "அண்ணே, அரைக் கிலோ கொத்துக்கறி. அதுல நூறு கிராம் கொழுப்பா இருக்கட்டும்." அவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்த சங்கடம் கழுவுவது. கொத்துக்கறியை வடிகட்டியில் கொட்டிக் குழாயடியில் பிடிப்பது நம் வழக்கம். குழம்புக்கு அதனால் பாதகமில்லை. பேட்டியை அது கெடுத்துவிடும். தூள்தூளான கறி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கல்லில் போட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடிகிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி வேகுமே தவிர சிவக்காது. கழுவாமல் மனசு கேட்காது என்றால் ஒரு வழி உண்டு. எலும்பில்லாத துண்டாக வாங்கிக் கழுவி, துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்து, ஃப்ரீசரில் அரைமணி நேரம் விறைக்க வைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு நாலைந்து சுற்று ஓட்டினால் போதும். மைய அரைத்துவிடக் கூடாது. பருக்கை பருக்கையாக நிற்க வேண்டும். கழுவிய தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவது முக்கியம். பச்சைக் கறியிலிருந்து தெறிக்கும் நீரோடு கிருமியும் தெறிக்கும்.

இனிமேல்தான் நம் கைக்குச் சோதனை. மாவு என்றாலும் கறி என்றாலும் பிசைந்து பழகிய கை இது. கோலா உருண்டைக்கு உப்பும் மசாலாவும் போட்டு அழுத்திப் பிசைகிறோம் அல்லது அரைக்கிறோம். உப்பு கறியில் உள்ள மயோசின் என்ற புரதத்தைக் கரைக்கிறது. கரைந்த புரதம் பசைபோல ஒட்டி, சூடு பட்டதும் இறுகிக்கொள்கிறது. எண்ணெயில் உருண்டை உடையாமல் நிற்பதற்கு அது உதவும். பர்கரில் அதுவே குற்றம். உப்புப் போட்டுப் பிசைந்த பேட்டி சாஸேஜ் மாதிரி ரப்பர்த்தனமாகிவிடும்.

சந்தேகமிருந்தால் நூறு கிராம் கறியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பாதியில் உப்புப் போட்டு இரண்டு நிமிடம் பிசைந்து கால்மணி நேரம் வைக்க வேண்டும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். மற்றப் பாதியைச் சும்மா ஒன்றுசேர்த்துத் தட்டி, கல்லில் போடும் நொடியில் மேலே உப்புத் தூவ வேண்டும். வெந்தபின் முன்னதைக் கடித்தால் துள்ளும். பின்னது பொலபொலவென்று உதிரும். பர்கருக்கு வேண்டியது அந்த உதிர்வுதான்.

ஒரு பேட்டிக்கு நூறு, நூற்றுப்பத்து கிராம் கறி போதும். வேகும்போது அது சுருங்கும் என்பதால் பன்னைவிட ஒரு சென்டிமீட்டராவது அகலமாகத் தட்டுவது நல்லது. ஓரம் இறுகும்போது நடுப்பகுதி பந்தாக உப்பிக்கொள்ளும். அதற்கு வைத்தியம், பச்சையாக இருக்கும்போதே நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. மெதுவடைக்குத் துளை போடும் கைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. முழுத் துளைதான் கூடாது.

ஆண்டர்சன் பாணியில் அழுத்திச் சுடுவதானால் தட்டவும் வேண்டாம். உருண்டையாகவே நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் வைத்து, முதல் அரை நிமிடத்துக்குள் திருப்பியால் பலமாக அழுத்த வேண்டும். அப்போது கொழுப்பு இன்னும் உருகியிருக்காது. சாறு வெளியே போகாது. கறியின் முகம் முழுவதும் கல்லோடு ஒட்டிச் சிவக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி மயார் 1912-இல் விவரித்த வினை அது. முறுகல் தோசையின் மணத்திலும் அதற்குப் பங்குண்டு. அரை நிமிடம் போனபிறகு அழுத்தக் கூடாது. வேகிற பேட்டியைச் சும்மா சும்மா அழுத்தி 'ஸ்ஸ்' என்ற சத்தத்தை ரசிக்கிறவர்கள் உண்டு. அந்தச் சத்தம், உள்ளே இருக்க வேண்டிய சாறு கல்லில் எரிகிற சத்தம்.

ஒரு விஷயத்தில் விளையாட்டு கூடாது. 1993-இல் அமெரிக்காவில் 'ஜாக் இன் தி பாக்ஸ்' கடைகளில் சரியாக வேகாத பர்கரால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தன. காரணம் ஈ.கோலை O157 என்ற கிருமி. முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது உள்ளே புகுந்துவிடும். அதனால் ஆடு, மாடு என்றால் பேட்டியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸையும், கோழி என்றால் 74-ஐயும் எட்ட வேண்டும். நிறத்தை நம்ப முடியாது. போதுமான சூடு ஏறுமுன்பே கறி பழுப்பாகிவிடுவதுண்டு. கம்பி வைத்த சமையல் வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகிப் பார்ப்பதே நிச்சயம்.

இவ்வளவு வேகவைத்தால் கோழி வறண்டுபோகாதா? போகும். அதற்கு மட்டும் ஒரு சலுகை: அரைக் கிலோவுக்கு ஒரு ரொட்டித்துண்டை இரண்டு மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்து மசித்துக் கலந்துகொள்ளலாம். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

சைவப் பேட்டியின் கதை வேறு. மெக்டொனால்ட்ஸ் 1996-இல் டில்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியை அறவே விட்டுவிட்டது. உருளைக்கிழங்கு டிக்கிதான் இந்திய பர்கரின் முகமாயிற்று. அங்கே பிடிப்புக் கொடுப்பது மாவுச்சத்து. கிழங்கை முதல்நாளே வேகவைத்து ஆறவிட்டால் பேட்டி கல்லில் ஒட்டாமல் வரும். தாராளமாகப் பிசையலாம், மசாலா போடலாம்.

மிஞ்சிய பச்சைப் பேட்டிகளை நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் வைத்தால் மூன்று நான்கு மாதம் நன்றாக இருக்கும். அப்படியும் பழக்கதோஷத்தில் உப்பைப் போட்டுப் பிசைந்து தொலைத்துவிட்டீர்களா? கவலை வேண்டாம். பொட்டுக்கடலை மாவு, சோம்பு, சின்ன வெங்காயம் சேர்த்து இன்னும் நன்றாகப் பிசைந்து, கோலா உருண்டையாகப் பொரித்துவிடுங்கள்.