மாதக்கணக்கில் முழங்கால் வலி: சுளுக்கா, எலும்புக் கட்டியா? காண்ட்ரோபிளாஸ்டோமா பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

வில்லியனூர், பாகூர் பக்கம் சாயங்காலம் பைக்கில் போனால், அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் கபடி, கிரிக்கெட், வாலிபால் என்று ஏதாவது ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். ஓடியாடுகிற பிள்ளைக்கு முழங்கால் வலிப்பது பெரிய விஷயமில்லை. ‘எங்கயாவது விழுந்திருப்பான்’ என்று வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். சில நாளில் சரியாகியும் விடும்.

ஆனால், அடிபட்ட ஞாபகமே இல்லை. வலி இரண்டு மாதமாக அதே இடத்தில் இருக்கிறது. ராத்திரியிலும் விடுவதில்லை என்றால், அதைச் சுளுக்கு என்று தள்ளிவிட முடியாது. அதற்கு இருக்கக்கூடிய பல காரணங்களில் அரிதான ஒன்றுதான் காண்ட்ரோபிளாஸ்டோமா.

அது என்ன காண்ட்ரோபிளாஸ்டோமா?

கை, கால்களின் நீண்ட எலும்புகளில், மூட்டை ஒட்டியிருக்கும் முனைப் பகுதிக்கு எபிஃபைசிஸ் என்று பெயர். அதை அடுத்து ‘வளர்ச்சித் தட்டு’ என்ற மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு இருக்கும். பிள்ளைகள் உயரமாவது இந்தத் தட்டு வேலை செய்வதால்தான். எபிஃபைசிஸில், முதிர்ச்சி அடையாத குருத்தெலும்பு செல்களைப் போன்றவை கட்டுப்பாடில்லாமல் பெருகிக் கட்டியாவதுதான் காண்ட்ரோபிளாஸ்டோமா.

எலும்பில் தோன்றும் கட்டிகளில் இதன் பங்கு சுமார் 1 சதவீதம்தான். பெரும்பாலும் 10 முதல் 25 வயதுக்குள் வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். முழங்காலைச் சுற்றிய எலும்பு முனைகள், தோள்பட்டை, இடுப்பு மூட்டு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். கணுக்கால், குதிகால் எலும்புகளிலும் வருவதுண்டு.

இதை முதலில் தெளிவாக விவரித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மன். 1931-ல் தோள்பட்டை எலும்பில் இந்தக் கட்டியைப் பற்றி எழுதிய அவர், இதை ‘ஜயன்ட் செல்’ கட்டியின் ஒரு வகை என்று நினைத்தார். 1942-ல் ஜாஃபே, லிச்சென்ஸ்டீன் என்ற இரு நோயியல் நிபுணர்கள்தான், இது தனி வகைக் கட்டி என்று சொல்லி இப்போதைய பெயரை வைத்தார்கள்.

இது கேன்சரா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வகைப்பாட்டில், இது தீங்கற்ற கட்டிகளின் பட்டியலில் இருக்கிறது. கீமோதெரபி தேவையில்லை. ரேடியேஷனையும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

அதற்காகச் சும்மா விட்டுவிடவும் முடியாது. கட்டி வளர வளர எலும்பை உள்ளேயிருந்து அரிக்கும். மூட்டின் மேற்பரப்பு பாதிக்கப்பட்டால் இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரலாம். காலின் நீள வளர்ச்சியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைச் சுற்றியுள்ள வளர்ச்சித் தட்டுகளில்தான் நடக்கிறது. வளர்கிற வயதில் அந்தத் தட்டு கெட்டுப்போனால், ஒரு கால் குட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. மிக மிக அரிதாக, இந்தக் கட்டி நுரையீரலுக்குப் பரவியதும் பதிவாகியிருக்கிறது.

ஏன் லேட்டாகத் தெரிகிறது?

முதல் காரணம், வலி மெதுவாக ஆரம்பிக்கும். வலி மாத்திரை போட்டால் கொஞ்ச நாள் குறைந்த மாதிரியும் இருக்கும். மூட்டு வீக்கம், நொண்டி நடப்பது, காலை முழுசாக மடக்க முடியாதது எல்லாம் விளையாட்டுக் காயத்திலும் வரக்கூடியவை. அதனால் எண்ணெய்க் கட்டு, நீவி விடுவது என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. உள்ளே கட்டி அரித்த எலும்பை அழுத்தி நீவினால் நன்மை எதுவும் இல்லை.

இரண்டாவது, வலி இடம் மாறிக் காட்டும். இடுப்பு மூட்டில் கட்டி இருக்க, பையன் ‘முட்டி வலிக்குது’ என்பான். முழங்காலை மட்டும் எக்ஸ்-ரே எடுத்தால் எல்லாம் நார்மலாகவே இருக்கும்.

மூன்றாவது, நம் ஊரில் எலும்பு காசநோயும் உண்டு. அதுவும் மூட்டை ஒட்டி எலும்பை அரிக்கும், வீக்கம் தரும். படத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். உறுதி செய்யாமல் காசநோய் மருந்தைத் தொடங்கினால், மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டும் கட்டி அப்படியே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆரம்பம் சாதாரண எக்ஸ்-ரேதான். எலும்பு முனையில் உருண்டையான ஒரு கருமைப் பகுதி, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு, சிலருக்கு உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள். அனுபவமுள்ள மருத்துவருக்கு இதுவே சந்தேகத்தைக் கிளப்பிவிடும். மூட்டுக்கும் வளர்ச்சித் தட்டுக்கும் கட்டி எவ்வளவு நெருக்கம் என்பதை சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்கள் காட்டும்.

கடைசித் தீர்ப்பு பயாப்சியில்தான். நுண்ணோக்கியில் பார்த்தால், செல்களின் உட்கரு காப்பிக்கொட்டை மாதிரி நடுவில் கோடு விழுந்திருக்கும். செல்களைச் சுற்றிச் சுண்ணாம்பு கம்பிவலை போலப் படிந்திருக்கும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதித்த 77 கட்டிகளில் 73-ல், பெரும்பாலும் எச்3எஃப்3பி என்ற மரபணுவில், ஒரே மாதிரியான மாற்றத்தைக் கண்டது. இது கட்டியின் செல்களில் ஏற்படும் மாற்றம். பரம்பரை நோய் அல்ல. குழப்பமான நேரத்தில், மற்ற கட்டிகளிலிருந்து இதைப் பிரித்தறிய இந்த மாற்றத்தைச் சோதிப்பது உதவுகிறது.

‘கத்தி பட்டா பரவிடும்’ என்பது உண்மையா?

பயாப்சிக்குப் பல வீடுகளில் தயக்கம் வருவது இந்தப் பேச்சால்தான். முறையாகச் செய்யும் பயாப்சியால், தீங்கற்ற கட்டி புற்றுநோயாக மாறிவிடாது. கவனிக்க வேண்டியது வேறு: ஊசியை எந்த வழியாகச் செலுத்துவது என்பதைப் பின்னால் செய்யப்போகும் ஆபரேஷனை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். அதனால், எங்கே ஆபரேஷன் நடக்குமோ அதே மருத்துவமனையில் பயாப்சியும் எடுப்பது நல்லது.

சிகிச்சை என்ன?

காலை எடுக்க வேண்டியதில்லை. எலும்பில் சிறு ஜன்னல் போலத் திறந்து, கட்டியை முழுவதுமாகச் சுரண்டி எடுப்பதுதான் வழக்கமான சிகிச்சை. மிச்சம் மீதி செல்கள் இல்லாதபடி, அதிவேகமாகச் சுழலும் கருவியால் குழியின் சுவரையும் செதுக்குவார்கள். சில நேரம் ஃபீனால் போன்ற ரசாயனமும் பயன்படுத்துவதுண்டு. பிறகு அந்தக் குழியை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளாலோ, எலும்பு சிமெண்டாலோ நிரப்புவார்கள். சிறிய கட்டியாக இருந்தால், ஊசி செலுத்தி வெப்பத்தால் அழிக்கும் ரேடியோ அலை சிகிச்சையும் சிலருக்குப் பொருந்தும்.

இதில் சவால் ஒன்றுதான். அதிகமாகச் சுரண்டினால் மூட்டும் வளர்ச்சித் தட்டும் பாதிக்கப்படலாம். குறைவாகச் சுரண்டினால் கட்டி திரும்பலாம். பல ஆய்வுகளில் சுமார் 10 முதல் 20 சதவீதம் பேருக்குக் கட்டி மறுபடியும் வந்திருக்கிறது. அதில் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள். திரும்பி வந்தாலும் மறுபடி சுரண்டி எடுக்கலாம். அதனால் வலி போய்விட்டது என்று ஃபாலோ-அப்பை நிறுத்தக் கூடாது.

எங்கே போவது?

முதல் எக்ஸ்-ரேவுக்கு ரொம்ப தூரம் அலைய வேண்டியதில்லை. பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம், வில்லியனூர் பக்கம் அரியூர் ஆகிய இடங்களில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசுத் தரப்பில் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும், கோரிமேடு ஜிப்மரும் உள்ளன. ஆயுஷ்மான் பாரத் அட்டை வைத்திருப்பவர்கள், அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள உதவி மையத்தில் இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று கேட்டுவிடலாம். பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன், சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு எதையும் தூக்கிப்போட வேண்டாம். கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைக் கணிக்க அவை உதவும்.

எப்போது உஷாராக வேண்டும்?

* அடிபடாமலே ஒரே மூட்டில் மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் வலி
* ஓய்வெடுத்தாலும், தூங்கும்போதும் தொடரும் வலி
* மூட்டில் வீக்கம், நொண்டி நடப்பது, மடக்கி நீட்ட முடியாமை
* மாத்திரையை நிறுத்தியதும் திரும்பி வரும் வலி
* வலிக்கும் காலின் தொடைச் சதை மெலிந்துபோவது

இதில் எது இருந்தாலும், அடுத்த தைலத்துக்கு முன்னால் ஓர் எக்ஸ்-ரே. முழங்கால் படம் நார்மல் என்று வந்தும் வலி போகவில்லையா? ‘இடுப்பையும் பார்க்கணுமா டாக்டர்?’ என்று கேளுங்கள். தப்பே இல்லை.