சுவரொட்டியில் கஞ்சி என்று எழுதுவதற்கு முன்

வன்னியில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் ஆரோக்கிய உணவு வாரம் ஒன்றை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அங்கே விரிவுரையாளர். பரீட்சை அட்டவணையைப் பார்த்து, மே மாதத்தின் மூன்றாம் கிழமைதான் வசதி என்று குறித்தோம். "காலையில் கஞ்சி, நாள் முழுதும் தெம்பு" என்று சுவரொட்டியும் தயாரானது. ஒட்டுவதற்கு முதல் நாள் இரண்டாம் வருட மாணவி ஒருவர் அறைக்கு வந்தார். "சேர், அந்தக் கிழமையில கஞ்சியை இப்பிடிப் போடேலாது" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மே 12 முதல் 18 வரை முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்படும் நாட்கள். 2009 இல் அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்புமாக, அந்தக் கஞ்சியில்தான் சனம் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. இன்று எங்களிடம் படிக்கும் பலர் அப்போது ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். எனக்கு இது தெரியாததல்ல. ஒவ்வொரு வருடமும் நானும் தெருவோரத்தில் நின்று அந்தக் கஞ்சியை வாங்கிக் குடிப்பவன். அட்டவணையைப் பார்த்தபோது மட்டும் மறந்துபோனது. நிகழ்வை ஜூன் மாதத்துக்குத் தள்ளினோம். சுவரொட்டியைக் கிழித்துவிட்டு, திட்டத்தையும் முதலிலிருந்து யோசித்தோம். இப்படியான வாரம் நடத்த நினைக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் செய்தது, விடுதிப் பிள்ளைகளிடம் பெயரில்லாத ஒரு தாளைக் கொடுத்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டது. நான் எதிர்பார்த்தது கொத்தும் சோடாவும். அவையும் இருந்தன. ஆனால் அதிகம் வந்த பதில், காலையில் ஒன்றுமில்லை, பத்து மணிக்கு ஒரு றோல்ஸும் பிளேன்ரீயும் என்பது. ஏன் என்று விசாரித்தால் காசு. மகாபொல உதவித்தொகை 2025 இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவானது. அதிலும் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பசியோடு வகுப்புக்கு வருபவரிடம் "அளவாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்ல எந்த விரிவுரையாளருக்கும் வாய் வரக்கூடாது.

ஆகவே பேச்சைக் குறைத்து, சிற்றுண்டிச்சாலை முதலாளியோடு உட்கார்ந்தோம். அவரது கணக்கு நேரானது. "அவிச்ச கடலை பின்னேரம் வரைக்கும் கிடக்கும் சேர். றோல்ஸ் எண்டா பத்து மணிக்கே முடிஞ்சிடும். மிஞ்சினதுக்கு ஆர் காசு தாறது?" அவரில் பிழையில்லை. முதல் நாள் இரவே மாணவர் குழு வட்ஸ்அப்பில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும், அந்த அளவுக்கு மட்டும் அவர் செய்வார் என்று முடிவானது. தேங்காய்ப்பூ போட்ட பயறு, கடலை, குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி என்று நாளுக்கு ஒன்று.

கஞ்சியை விடவில்லை. முசுட்டை, முல்லை, தூதுவளை, வல்லாரை இலைகளை இடித்துச் சாறெடுத்து, சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சுவது எங்கள் வீடுகளில் போருக்கு முன்பே இருந்தது. சுவரொட்டியில் 'இலைக்கஞ்சி' என்று முழுப்பெயரையே எழுதினோம், பக்கத்தில் எந்தச் சுலோகமும் இல்லை. இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வளாகத்தைத் துப்புரவு செய்யும் அம்மா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "கோப்பையோட வரிசையில முகாமில நிண்டது காணும், தம்பி" என்றார். குவளை 50 ரூபா என்று விலை வைத்து, மிச்சச் செலவை நாங்கள் பங்கிட்டோம். நிறையையும் எல்லார் முன்னிலையிலும் நிறுக்கவில்லை. விரும்பியவர்கள் ஓர் அறைக்குள் போய்ப் பார்த்துக்கொண்டார்கள்.

விளக்கம் சொன்னது இரண்டு விடயங்களுக்கு மட்டும். ஒன்று சீனி. இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் நிறக்குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை, இடையில் செம்மஞ்சள். செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்றே பலர் நினைக்கிறார்கள். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான். அதில் அரை லீற்றர் குடித்தால் 50 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குச் சொல்லும் உச்ச அளவே ஏறத்தாழ அவ்வளவுதான். 50 கிராம் சீனியை நிறுத்து ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு மேசையில் வைத்தோம். அதற்குப் பிறகு யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

மற்றது தேநீர். சாப்பாட்டோடு பிளேன்ரீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுப்பது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது. தேசிக்காய்ப் புளி அதற்கு நேர்மாறு, இரும்பை உடலில் சேர்க்க உதவும். அம்மாமார் வறையை இறக்கித் தேசிக்காய் விடுவது ருசிக்காகத்தான், ஆனால் பலனும் உண்டு.

இரண்டாம் நாள், மகனைப் பார்க்க வந்த ஒரு தகப்பனார் குரக்கன் புட்டைக் கண்டுவிட்டுச் சிரித்தார். "தொண்ணூறுகளில தடை போட்டு வைச்சிருந்த நேரம் குரக்கனும் ஒடியலும் பனங்கட்டியும்தான். பாணும் பட்டரும் எப்ப வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள். நீங்கள் திரும்ப இதையே தாறியள்." அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் பேக்கரிச் சாப்பாடு வெறும் நாக்கு ருசி அல்ல. பாதை திறந்த காலத்தின் ருசியும் அதில் இருக்கிறது. அதைக் கெட்ட உணவு என்று நோட்டீஸ் அடித்தால் யார் கேட்பார்கள்? றோல்ஸை நாங்கள் தடை செய்யவில்லை. பக்கத்தில் கடலையை வைத்தோம், விலையை மட்டும் குறைத்து.

அந்த வாரம் முடிந்து மூன்றாம் கிழமையே குரக்கன் புட்டு நின்றுபோனது, எண்ணிக்கை சேரவில்லை. கடலை இரண்டு நாள் இருக்கிறது. இலைக்கஞ்சி புதன்கிழமைகளில். அதற்கு இலை பிடுங்கி வருவது முதலில் என் அறைக்கு வந்த மாணவியும் அவருடைய தோழிகளும். எட்டரைக்குப் பிறகு போனால் கிடைக்காது.