குறைவாகத் தளர்பவரே வெல்கிறார்

400 மீட்டர் ஓட்டத்தின் கடைசி 100 மீட்டரில் ஒருவர் முந்தும்போது, அவர் வேகத்தைக் கூட்டிவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அங்கே எல்லோருமே வேகம் இழக்கிறார்கள். குறைவாக இழப்பவர் வெல்கிறார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் 43.03 விநாடியில் உலக சாதனை படைத்தபோதும், முதல் பாதியை ஏறத்தாழ 20.5 விநாடியிலும் அடுத்த பாதியை 22.5 விநாடியிலும்தான் கடந்தார். தசையில் தயாராக இருக்கும் ஆற்றல் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். பிறகு ஆக்சிஜன் போதாத நிலையில் சர்க்கரை உடைக்கப்பட, தசையில் அமிலத்தன்மை ஏறிக் கால்கள் கனக்கின்றன.

அப்படியானால் வேகம் முக்கியமில்லையா? முக்கியம்தான். வான் நீகெர்க் 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியவர். அந்த உச்ச வேகம் இருந்ததால்தான் முதல் பாதியில் முழு பலத்தையும் கொட்டாமல் விரைய முடிந்தது. ஆனால் அது மட்டும் போதாது. 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டின் சிறந்த 400 மீட்டர் நேரம் 45.28. அவர் இதற்கெனவே பயிற்சி எடுத்திருந்தால் நேரம் குறைந்திருக்கும் என்பார்கள். சரிதான், தளர்ச்சியைத் தாங்கும் திறன் பயிற்சியில்தான் வளர்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆகவே வேகமான பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதோடு பயிற்சியாளர்கள் நின்றுவிடக் கூடாது. வேகத்தைப் பங்கிட்டு ஓடவும் கற்றுத்தர வேண்டும்.