கூலியும் கிருபையும்: போடிநாயக்கனூர் ஏலமலைச் சூழலில் விவிலிய அருட்கோட்பாட்டை விளங்கிக்கொள்ளல்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவக் கோட்பாடுகளுள் மையமானது அருள் பற்றிய கோட்பாடு. மீட்பு உழைப்புக்கு ஈடான ஊதியமன்று, இறைவனின் கொடை என்பதே அதன் சாரம். இக்கோட்பாட்டை விளக்கப் பெரிதும் எடுத்தாளப்படுவது திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை (மத்தேயு 20:1-16). நாட்கூலியை நம்பி வாழும் ஏலமலை மக்களின் சூழலில் இவ்வுவமையை வாசிக்கும்போது, கொடை என்னும் கருத்து நியாயக்கூலியை மறுக்கிறதா என்னும் வினா எழுகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளின் சொல்லாட்சி, உவமையின் அமைப்பு, திருச்சட்டப் பின்புலம் ஆகியவற்றைக் கொண்டு அவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

குறிச்சொற்கள்: விவிலியம், அருட்கோட்பாடு, கிருபை, கூலி, மொழிபெயர்ப்பு, போடிநாயக்கனூர்

முன்னுரை

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்தின் முதன்மையான நகரங்களுள் ஒன்று. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கு நடைபெறுகிறது. இங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் விடியலிலேயே ஜீப்புகளில் செல்கின்றனர். அவர்களுள் பெண்களே மிகுதி. ஏலக்காய்கள் ஒரே காலத்தில் முற்றுவதில்லை. ஆதலின் காய் எடுப்புப் பல சுற்றுகளாக நடைபெறும். மழையும் விலையும் மாறும்போது வேலைநாட்களும் மாறும். இம்மக்களுக்குக் கூலி என்பது உருவகமன்று. அன்றைய அடுப்போடு தொடர்புடையது.

இப்பகுதியில் கிறித்தவ மறை இருவழிகளில் வேரூன்றியது. கத்தோலிக்கர் மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். சீர்திருத்தத் திருச்சபையினரின் மரபு 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தது. பெரியகுளம் அதன் நிலையங்களுள் ஒன்றாக இருந்தது. அம்மரபு 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. இதனால் ஒரே ஊரில் இருவேறு விவிலிய மொழிநடைகள் வழங்குகின்றன.

இரு மொழிபெயர்ப்புகள், இரு சொல்லுலகங்கள்

சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. பின்னர் பப்ரிசியுசின் பெயர்ப்பும், ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முழுமையாக வெளிவந்த திருப்புதலும் சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டு மொழியை உருவாக்கின. பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. முன்னையதில் தேவன், கிருபை, விசுவாசம், நீதிமானாக்கப்படுதல் என அமைந்தவை பின்னையதில் கடவுள், அருள், நம்பிக்கை, ஏற்புடையவராதல் என அமைகின்றன.

இவை வெறும் வடமொழி, தமிழ் வேறுபாடுகள் அல்ல. ‘அருள்’ என்னும் சொல் சைவ, வைணவப் பக்தி மரபின் நீண்ட பொருட்செறிவைத் தன்னுடன் கொண்டுவருகிறது. ‘கிருபை’ பேச்சுவழக்கில் இரக்கத்தையே முதலில் உணர்த்தும். பழைய திருப்புதலின் ‘கிரியை’ மேலும் கருதத்தக்கது. சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் அது வழிபாட்டுச் செயலைக் குறிக்கும். பவுல் மறுக்கும் சட்டம்சார் செயல்களுள் விருத்தசேதனம் போன்ற சடங்குகளும் அடங்குவதால் அங்கு அப்பொருள் ஓரளவு பொருந்தும். ஆனால் யாக்கோபு வலியுறுத்தும் செயல், உடையும் உணவும் இல்லாதவருக்கு அவற்றைக் கொடுத்தல் (2:15-16). அங்குச் சடங்குப் பொருளைக் கொண்டால் இருவரும் முரண்படுவதுபோல் தோன்றும். சொல்லின் பொருளை அது வரும் இடமே உறுதிசெய்ய வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

உவமையின் அமைப்பு

தோட்ட உரிமையாளர் விடியல், காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி, மாலை 5 மணி என ஐந்து முறை ஆள் அமர்த்துகிறார். மாலையில் அனைவர்க்கும் ஒரு தெனாரியம் வழங்கப்படுகிறது. அது அக்காலத்தில் ஒருநாள் கூலி. முதலில் வந்தோர் முறுமுறுக்கின்றனர்.

திருச்சபைத் தந்தையருள் சிலர் இவ்வைந்து வேளைகளை மீட்பு வரலாற்றின் காலங்களாகவும் மனித வாழ்வின் பருவங்களாகவும் கண்டனர். இவ்விளக்கங்களில் கூலியின் நடைமுறைப் பொருள் பின்தள்ளப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் ரஸ்கின் தம் பொருளியல் நூலுக்கு இவ்வுவமையிலிருந்தே தலைப்பை எடுத்தார். காந்தியடிகள் அதனை 1904இல் தென்னாப்பிரிக்காவில் படித்தார். பின்னர் ‘சர்வோதயம்’ என்னும் பெயரில் குசராத்தியில் சுருக்கி எழுதினார். உவமை பொருளியல் வாசிப்புக்கும் இடமளிப்பதை இது காட்டுகிறது.

ஏலமலைச் சூழல் கவனத்திற்குக் கொண்டுவரும் இடம் ஏழாம் வசனம். மாலைவரை நின்றோர் சோம்பலால் நிற்கவில்லை. தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கின்றனர். ஜீப்பில் இடம் கிடைக்காமல் வீடு திரும்பும் தொழிலாளிக்கு இது விளக்கம் வேண்டாத விடை. குறைவாக உழைத்தவர் என்னும் பார்வை மாறி, வேலை மறுக்கப்பட்டவர் என்னும் பார்வை பிறக்கிறது. உரிமையாளரின் கொடை அவரது ஒருநாள் வாழ்வை நிறைவு செய்கிறது.

நியாயமும் நீதியும்

கொடை நியாயத்தை நீக்குகிறதா? மூலத்தின் சொல்லமைப்பு இதற்கு விடை தருகிறது. காலையில் வந்தோருக்கு உரிமையாளர் வாக்களிப்பது ‘நியாயமான’ கூலி (20:4). மாலையில் அவர் மறுப்பது தாம் ‘அநியாயம்’ செய்ததாக எழும் குற்றச்சாட்டை (20:13). இவ்விரண்டிற்கும் கிரேக்கத்தில் வேர் ‘திக்கையோஸ்’ என்னும் சொல்லின் வேரே. பவுல் கூறும் ‘நீதிமானாக்கப்படுதல்’ பிறப்பதும் அவ்வேரிலிருந்தே. தமிழில் நியாயம், நீதி, ஏற்புடைமை எனச் சொற்கள் பிரிந்துவிடுவதால் இவ்வுறவு வாசகர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மாலையில் கூலி வழங்குவதும் தற்செயலன்று. ஏழைக் கூலியாளின் ஊதியத்தைப் பொழுது சாயுமுன் கொடுக்க வேண்டும் என்பது திருச்சட்டம் (இணைச்சட்டம் 24:14-15). அறுவடை செய்தோரின் கூலியைப் பிடித்துவைக்கும் செல்வரை யாக்கோபு கண்டிக்கிறார் (5:4). ஆகவே உவமையில் கொடை நியாயத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. உடன்பட்ட கூலி முழுமையாகக் கொடுக்கப்பட்ட பின்னரே அது நியாயத்தைக் கடந்து பெருகுகிறது.

பதினைந்தாம் வசனத்தில் மூலம் கூறுவது ‘தீய கண்’. பழைய திருப்புதல் இதனை ‘வன்கண்’ என்று பெயர்க்கிறது. தமிழ் வாசகர் இதனைக் கண்ணேறாகக் கொள்ள வாய்ப்புண்டு. எபிரேய வழக்கில் இது ஏழைக்குக் கொடுக்க மனமில்லாமையைக் குறிக்கும் (இணைச்சட்டம் 15:9). முறுமுறுத்தோரின் குறை கூலி குறைந்ததன்று. மற்றவர் தமக்குச் சமமாக்கப்பட்டதே.

முடிவுரை

பவுல் கூலியையும் கிருபையையும் எதிரெதிராக நிறுத்துவது மீட்பைக் குறித்தே. உழைப்பவருக்குக் கூலி கொடுக்கவேண்டிய கடன் என்பதை அவர் அங்கேயே ஏற்றுக்கொள்கிறார் (உரோமையர் 4:4). எனவே அருட்கோட்பாட்டைக் காட்டி, குறைகூலியைப் பொறுத்துக்கொள்ளுமாறு தொழிலாளருக்குப் போதிப்பது பாடத்திற்குப் பொருந்தாத விளக்கம். அவ்வாறே உவமையைக் கூலி ஒப்பந்தமாக மட்டும் சுருக்குவதும் அதன் இறையியலை இழக்கச் செய்யும். வாழ்சூழல் வினாவை எழுப்பலாம். விடையைப் பாடத்தின் சொல்லும் அமைப்பும் பின்புலமும் தரவேண்டும். இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு போடிநாயக்கனூர் போன்ற ஊர்களில் இயல்பாகவே அமைந்துள்ளது. கோட்பாட்டுக் கல்விக்கு அது நல்லதொரு தொடக்கம்.